நோஞ்சான் குஞ்சும் வெல்லத் தண்ணீரும்

நான் பாடம் நன்றாக நடத்துவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இப்போது அதுவே எனக்கு உறுத்துகிறது, அதனால் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாக ஒன்று முதல் ஐந்து வரை சொல்லிக் கொடுக்கிறேன். சொன்னது பிள்ளைகள் மனதில் பதியாமல் அடுத்த பாடத்துக்குப் போகிற வழக்கம் என்னிடம் இல்லை. அந்த ஒரு பாடத்தையாவது அரைகுறையாக நடத்தித் தொலைத்திருக்கலாம்.

பள்ளிக்கூடம் எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு வகுப்பறை, ஒரு வேப்பமரம், நாற்பத்துச் சொச்சம் பிள்ளைகள், தலைமையாசிரியர் ஒருவர், நான் ஒருத்தி. சுற்றிலும் கோழிப்பண்ணைகள். வந்த புதிதில் காற்று திரும்பும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்வேன். இப்போது அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போகும்போதுதான் காற்றில் ஏதோ குறைவது போலத் தோன்றுகிறது. பேச்சும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் 'வாங்க, போங்க' என்பதோடு மரியாதை முடிந்துவிடும். இங்கே பிள்ளைகள் 'ஒண்ணுக்குப் போகோணுமுங்க' என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போடுவார்கள். அவ்வளவு மரியாதையாகக் கேட்கிற பிள்ளையைத் திட்ட வாய் வராது. ஆனாலும் நான் திட்டுவேன்.

தோட்டம் துரவு உள்ளவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் காலையில் மஞ்சள் வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். எங்களுக்கு வருவது பண்ணைகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். முட்டைக்கோழிப் பண்ணைகளில் தனியாளை எடுக்க மாட்டார்கள். புருஷன் பெண்டாட்டியாகத்தான் எடுப்பார்கள். ஒரு ஜோடிக்கு ஒரு ஷெட். தீவனம் போடுவது, தண்ணீர்க் குழாய் பார்ப்பது, முட்டை எடுத்து அட்டையில் அடுக்குவது எல்லாம் அந்த இரண்டு பேர் வேலை. பண்ணைக்குள்ளேயே ஒரு அறை கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகளும் அங்கேயேதான் வளர்வார்கள்.

அப்படி ஒரு ஜோடிக்குப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என் ஐந்தாம் வகுப்பில் இருந்தார்கள். பெண் ஒன்று, பையன் ஒன்று. பெண் பத்து நிமிடம் மூத்தவள். அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு அவள் அவனைத் 'தம்பி' என்று கூப்பிட்டு நாட்டாமை செய்வாள். அவனும் அதற்குக் கட்டுப்படுவான். மூக்கு முழி எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் படிப்பில் இரண்டும் இரண்டு துருவம். அவள் பாடப்புத்தகத்தை ஆடி மாதமே கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டாள். அவனோ 'பம்பரம்' என்று எழுதியிருந்தால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு 'பண்ணை' என்று வாசிப்பான். முட்டாள் இல்லை. எழுத்துகள் அவன் கண்ணுக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். திட்டினால் அழ மாட்டான், சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வரும்.

அவனைப் படிக்க வைக்காமல் ஐந்தாம் வகுப்பைத் தாண்ட விடுவதில்லை என்று முடிவு செய்தேன். தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். மற்றவர்கள் கையெழுத்து எழுதுவார்கள். அவன் விரலைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிக்க வைப்பேன். என்னால் முடியாதபோது அக்காக்காரியை உட்கார வைப்பேன். அவளுக்கு முன் வரிசையில் சன்னலோரமாக ஒரு இடம் இருந்தது. நல்ல வெளிச்சம். அந்த இடத்தையும் எடுத்து அவனுக்குக் கொடுத்தேன்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். காலாண்டு விடுமுறை முடிந்து வந்த வாரத்தில் ஒருநாள் வகுப்பு நடுவில் எழுந்து நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், அவனுக்கு மட்டும் தினமும் பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றீங்க. எனக்கு ஒரு நாளும் சொல்லித் தர்றதில்லீங்களே?"

"நீதான் எல்லாத்தையும் படிச்சிடறியே, உனக்கு எதுக்குடி?"

"படிச்சு முடிச்சாச்சுங்க. அதுக்கு மேல படிக்கோணுமுங்க."

எதிர்த்துப் பேசுகிறாளே என்றுதான் எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அதற்கு மேல் படிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை வாய் திறந்து கேட்டிருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பிள்ளைகள் என்னிடம் அப்படிக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணினால் ஒரு கை விரல்களிலேயே மிச்சம் இருக்கும். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய நான், இந்த வாயாடியின் வாயை எப்படி அடைப்பது என்று யோசித்தேன்.

அந்தச் சமயம்தான் ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்திருந்தேன். சமம் வேறு, நியாயம் வேறு என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். திரையில் ஒரு படம் போட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ மேட்ச் நடக்கிறது, இந்தப் பக்கம் உயரமாகவும் குட்டையாகவும் மூன்று பேர், குட்டையானவனுக்கு மட்டும் கூடுதல் பெட்டி போட்டு, எட்டிப் பார்க்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வேலி தெரியும். அதை எட்டிப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதும் தெரியும். அந்தப் படமெல்லாம் இங்கே எடுபடாது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் விஷயம் நல்ல விஷயம். மறுநாளே அவளுக்காகவே அந்தப் பாடத்தை எடுத்தேன்.

கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். ஒரு பக்கம் 'சமம்', இன்னொரு பக்கம் 'நியாயம்'. சத்துணவில் ஒன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒரே அளவு சோறு போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஒண்ணாவது மிச்சம் வெச்சுப் போடுமுங்க. அஞ்சாவதுக்குப் பத்தாதுங்க" என்று மொத்த வகுப்பும் கத்தியது.

"அப்ப ஒரே மாதிரி போடறது?"

"சமமுங்க!"

"பசிக்குத் தகுந்தாப்ல போடறது?"

"நியாயமுங்க!"

ஐந்தே நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். இனி நீங்களே ஆளுக்கொரு உதாரணம் சொல்லுங்கள் என்றேன். கடைசி வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து, "அலகு வெட்டறது சமமுங்க டீச்சர். எங்க பண்ணையில எல்லாக் குஞ்சுக்கும் ஒரே மிஷின்ல ஒரே மாதிரி வெட்டுவாங்க" என்றான். குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருக்க மூக்கு நுனியைச் சுட்டுவிடுவார்களே, அதைச் சொல்கிறான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே அதைச் 'சமம்' பக்கம் எழுதினேன்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. உர்ரென்று உட்கார்ந்திருந்தாள். இந்தப் பாடம் யாருக்காக நடக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். வெகுநேரம் கழித்து மெல்லக் கை தூக்கினாள்.

"குஞ்சு வண்டி வந்தா எறக்கறப்பவே பாப்பாங்க டீச்சர். நோஞ்சானா இருக்கற குஞ்சுகளத் தனியாப் பிரிச்சு வேற கூண்டுல உடுவாங்க. அதுகளுக்கு மட்டும் வெல்லத் தண்ணி வெப்பாங்க. சூட்டுக்குப் பல்பும் பக்கத்துல எறக்கிக் கட்டுவாங்க. நல்லா இருக்கற குஞ்சுக்கு வெறுந்தண்ணிதானுங்க. அதுக தானா வளந்துக்கும்."

சொல்லி முடித்துவிட்டுத் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பயிற்சியில் திரையெல்லாம் கட்டிச் சொன்னதை இந்தப் பிள்ளை கோழிக்குஞ்சை வைத்து நாலு வரியில் சொல்லிவிட்டதே என்று அவளைக் கட்டிப் பிடித்து, எல்லாரையும் கை தட்டச் சொல்லி, 'நியாயம்' பக்கம் அதைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். ஒரு வாரம் அழிக்கவே இல்லை.

அதன் பிறகு அவள் ஆளே மாறிவிட்டாள். சன்னலோர இடத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. மத்தியானம் நான் கூப்பிடும் முன்னமே தம்பியை இழுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டச் சொன்னாள். நூலகப் பெட்டியைத் திறக்கும் நாளில் எல்லாரும் படம் போட்ட புத்தகத்துக்கு முண்டியடிப்பார்கள். அவள் தடித்த எழுத்துப் புத்தகமாகப் பார்த்துத் தம்பிக்கு எடுப்பாள். ஆளுக்கு ஒரு புத்தகம்தான் என்று சட்டம் வைத்திருந்தேன். அவள் தன் பங்குக்கும் அவனுக்கே எடுத்தாள். 'உனக்கு?' என்று நான் கேட்டதற்கு, "அவனுக்குத்தானுங்க வேணும்" என்றாள். மற்ற பிள்ளைகளுக்கு அவளை உதாரணம் காட்டினேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? பத்து வயதுப் பெண், கேட்பதையே நிறுத்திவிட்டாளே என்று? எனக்கு உறைக்கவில்லை. நல்ல பிள்ளை என்றுதான் நினைத்தேன். நமக்கு வேலை வைக்காத பிள்ளையைத்தானே நல்ல பிள்ளை என்கிறோம்.

தை பிறந்து அவன் வாசிக்க ஆரம்பித்தான். திக்கித் திக்கித்தான், ஆனால் எழுதியிருப்பதை வாசித்தான். இறைவணக்கக் கூட்டத்தில் அவனைச் செய்தி வாசிக்க நிறுத்தினேன். மூன்று வரி வாசித்து முடித்தான். வரிசையில் நின்ற அவள் உதடும் அவனோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது. எந்தச் செய்தி என்பது கூட இன்றைக்கு நினைவில்லை. அந்த உதடுகள் நினைவிருக்கின்றன.

சித்திரை மாதம் முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அவர்கள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். எப்போது பார்த்தாலும் பனியனோடு இருக்கிறவர், அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"பையனுக்கு டீசி வாங்கிட்டுப் போலாம்னு வந்தனுங்க. டவுன்ல ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்தறமுங்க. டீச்சர் புண்ணியத்துல எழுத்துக் கூட்டிப் படிக்கறான். இப்படியே உட்டா மறுக்கா மறந்து போயிருவான். அவனுக்குப் பக்கத்துலயே உக்காந்து சொல்லித் தர ஆளு வேணுமுங்க. அங்க காலையிலயும் சாயந்தரமும் ட்யூசன் இருக்குதாமுங்க."

"நல்லது. பொண்ணுக்கு? நம்ம ஹைஸ்கூல்லதானே ஆறாவது?"

"அவளுக்கென்னுங்க டீச்சர். அவ எங்க இருந்தாலும் பொழச்சுக்குவா."

எனக்குச் சுருக்கென்றது. எங்கே இருந்தாலும் என்றால் எங்கே என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஹாஸ்டலுக்குப் பணம் கட்டுவதற்காக அவர்கள் இன்னொரு ஷெட்டையும் சேர்த்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு ஷெட்டுக்கு இரண்டு பேர் கை போதாது. அவள் ஒரு வருடம் கூடமாட இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த 'அப்புறம்' எப்போதும் வராது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் குரலை உயர்த்தினேன். பதினான்கு வயது வரை பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வைத்திருப்பது குற்றம் என்றேன். சட்டம் பேசினேன். "ரெண்டும் ஒரே நாள்ல பொறந்த பிள்ளைங்க. ஒருத்தனுக்கு ஹாஸ்டல், ஒருத்திக்குக் கோழி ஷெட்டா? மனசறிஞ்சு சொல்லுங்க, இது நியாயமா?"

அவர் என்னைக் குழப்பத்தோடு பார்த்தார். கிண்டல் இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே குழம்பினார்.

"நியாயந்தானுங்களே டீச்சர்? புள்ளதான் ஊட்டுல வந்து சொல்லுச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி செஞ்சா அது சமமுங்களாமா. ஆருக்கு ரொம்பத் தேவையோ அவங்களுக்குச் செய்யறதுதான் நியாயமுங்களாமா. டீச்சர் போர்டுல எழுதிப் போட்டாங்கன்னு சொன்னா. ரெண்டு பேர்ல ஆரச் சேத்தறதுன்னு தெரியாம நானும் அவங்கம்மாளும் ஒரு மாசமா முழிச்சுட்டு இருந்தமுங்க. ஆளுக்கு ஒரு வருசம் மாத்தி மாத்திப் படிக்க வெக்கலாமான்னு கூடப் பேசுனமுங்க. இவதான் தெளிவாச் சொல்லிப் போட்டா, தம்பியச் சேத்துங்கன்னு."

அந்த ஒரு மாதம் அவர்கள் முழித்துக்கொண்டிருந்தார்களே, அதுவே அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே வாய்ப்பு. குழப்பத்திலேயே விட்டிருந்தால் ஒருவேளை இரண்டு பேரையும் பக்கத்து ஹைஸ்கூலில் சேர்த்திருப்பார்கள். என் பாடம் நடுவில் புகுந்து அவர்களுக்குத் தெளிவு கொடுத்துவிட்டது.

நான் சொன்னதற்கு அது அர்த்தம் இல்லை என்றேன். அவளுக்கும் தேவை இருக்கிறது, நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினார். பிறகு மரியாதையாகக் கேட்டார்.

"டீச்சர் பையன் எங்கீங்க படிக்கறாப்ல?"

என் மகன் நாமக்கல்லில் தனியார் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். எல்.கே.ஜி.யிலிருந்தே அங்கேதான். நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் அவனைச் சேர்க்கலாமா என்று ஒருநாள் கூட யோசித்ததில்லை. யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பேன்: அவன் கணக்கில் கொஞ்சம் மெதுவு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிற இடம்தான் அவனுக்குச் சரிப்படும். சற்று முன் அந்த மனிதர் சொன்ன அதே காரணம். வாய்க்கு வந்த அந்தப் பதிலை விழுங்கிவிட்டு, "அது வேற" என்றேன்.

"ஆமாங்க, அது வேறதானுங்க" என்றார் அவரும். டீசியை வாங்கி, இரண்டாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். தலைமையாசிரியரிடம் போனேன். அவருக்கு ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. அதுவரை எந்தக் காகிதத்திலும் தன் பெயர் வராமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அவர் கவலை. "டீச்சர், அந்தப் புள்ள பேர ஹைஸ்கூல்ல ஆறாவதுல ஏத்தச் சொல்லிடலாம். வந்தாலும் வராட்டியும் பேரு இருக்கும். இடைநின்ற பிள்ளைன்னு நம்ம தலையில விழாது" என்றார். அப்படியே நடந்தது. காகிதத்தில் அவள் ஆறாம் வகுப்பு மாணவி. அண்டை ஊர் பஸ்ஸில் தினமும் போய் வருகிறாள், அதுவும் காகிதத்தில்தான்.

கல்வி அலுவலகத்தில் புகாரும் கொடுத்தேன். ஆனி மாதம் யாரோ இரண்டு பேர் ஜீப்பில் வந்து பண்ணையில் விசாரித்தார்கள். பெயர் பதிவேட்டில் இருக்கிறது. அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், அதனால் வீட்டில் இருக்கிறாள் என்று அப்பாவும் அம்மாவும் சொன்னார்கள். வந்தவர்கள் கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஜீப் வந்து போன பிறகு அவள் அம்மா என்னைச் சந்தைப்பேட்டையில் பார்த்தும் பார்க்காதவள் போல முக்காட்டை இழுத்துக்கொண்டு போனாள். அதுவரை என்னைக் கண்டால், "டீச்சரம்மா, நல்லா இருக்கீங்களா சாமி" என்று கையைப் பிடித்துக்கொள்கிறவள்.

ஆடியில் ஒரு சனிக்கிழமை, மனசு கேட்காமல், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பண்ணைக்கே போனேன். வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள், நோய் பரவும் என்று. கேட்டுக்கு உள்பக்கம் மருந்துத் தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறார்கள்; வேலைக்காரர்கள் கூட அதில் கால் நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கேட்டுக்காரர் உள்ளே சொல்லி அனுப்பினார். கால் மணி நேரம் கழித்து அவள் வந்தாள். பெரியவர்கள் சட்டை ஒன்றைப் பாவாடைக்கு மேல் போட்டுக் கையை மடித்துவிட்டிருந்தாள். மூன்று மாதத்தில் வளர்ந்திருந்தாள்.

"டீச்சர்! வாங்க டீச்சர்! ஊட்டுக்குக் கூப்பிடலாம்னா உள்ள உட மாட்டாங்களே" என்று தவித்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

ஸ்கூட்டரில் வரும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை மூச்சு விடாமல் சொன்னேன். கண்ணு, நான் உனக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்குப் பலகையில் எழுதியது அரைப் பாடம். தேவை என்பது பின்தங்கியவனுக்கு மட்டும் இல்லை. உனக்கும் இருக்கிறது. நீ ஹைஸ்கூல் போக வேண்டும் என்று அப்பாவிடம் கேள். அடம் பிடி. அழு. நான் கூட வந்து பேசுகிறேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு நான் வகுப்பில் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்ப்பேனே, அப்போது சிரிப்பது போலச் சிரித்தாள்.

"இல்லீங்க டீச்சர். ரெண்டு பேரும் போனா அது சமமுங்க. எனக்குத்தான் படிக்கத் தெரியுமே. அவனுக்குத்தானுங்க தெரியாது."

நான் சோதித்துப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டாள். சரியான பதிலைச் சொல்லிவிட்டு, நான் சபாஷ் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். கை தட்டி அவளைப் பழக்கியவள் நான்தானே. பேச்சை மாற்றத் தம்பி எப்படிப் படிக்கிறான் என்று கேட்டேன்.

முகம் சுண்டிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போனில் பேச விடுவார்களாம். அவன் அழுகிறானாம். அங்கே எல்லாமே இங்கிலீஷாம். தமிழில் கூட்டிப் படிக்கப் பழகினது அங்கே ஒன்றுக்கும் உதவவில்லையாம். வகுப்பில் அவனைப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்களாம். வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்கிறானாம். "முந்தி சிரிச்சுக்கிட்டே இருப்பான் டீச்சர். இப்பப் போன்ல மூச்சுத்தான் கேக்குது" என்றாள்.

ஆக, அவளிடமிருந்து எடுத்து அவனுக்குக் கொடுத்தது அவனுக்கும் போய்ச் சேரவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அவள் அப்பாவைத் திட்ட எனக்கு வாய் இல்லை. எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் நான் கேட்காத கேள்வி.

"அவனை விடு. உனக்கு என்ன வேணும்? உனக்குன்னு. எதுவானாலும் கேள், நான் செய்யறேன்."

அவள் யோசித்தாள். விளையாட்டாக இல்லை, நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே தேடினாள். உள்ளே எங்கோ ஷெட்டில் கோழிகள் ஒன்றாகக் கத்தி அடங்கின. சட்டென்று அவள் முகம் மலர்ந்தது.

"டீச்சர், எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றீங்களா?"

உயிர் வந்தது எனக்கு. "சொல்லித் தர்றேன் சாமி. கட்டாயம் சொல்லித் தர்றேன்" என்று கம்பிக்குள் கையை விட்டு அவள் கையைப் பிடித்தேன். என் வாயிலிருந்து இந்த ஊர்ப் பேச்சு தானாக வந்தது.

"வெரசாக் கத்துக்குவனுங்க. கத்துக்கிட்டு நாயித்துக்கெழம போன்ல அவனுக்குச் சொல்லித் தந்துருவேன்."

"நான் உனக்கு என்ன வேணும்னு கேட்டேன் கண்ணு."

"அதேதானுங்க டீச்சர்" என்றாள், இவ்வளவு எளிய விஷயம் எனக்கு ஏன் புரியவில்லை என்பது போல.

பிடித்த கையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் என் வீட்டுக்கு வா, பஸ்ஸுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், காலையில் வந்தால் மத்தியானம் போய்விடலாம் என்றேன். என்னைப் பார்த்து அவளுக்குப் பாவமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"நாயித்துக்கெழமையும் கோழி முட்டை உடுமுங்களே டீச்சர்."

உள்ளேயிருந்து அவள் அம்மா கூப்பிட்டாள். "வெயில்ல நிக்காதீங்க டீச்சர், போயிட்டு வாங்க" என்று எனக்குச் சொல்லிவிட்டு, கையை மெல்ல உருவிக்கொண்டு, மருந்துத் தண்ணீரில் இரண்டு காலையும் ஒழுங்காக நனைத்துக்கொண்டு அவள் ஷெட்டை நோக்கி ஓடினாள்.